எல்லாக் கேள்விக்கும் ஆம்

மதியத் தூக்க மணி அடித்ததும் வகுப்பின் விளக்குகள் அணைந்தன. சாப்பாட்டுப் பெட்டிகளை வாசலோரம் அடுக்கிவிட்டு வந்தவர்கள் ஒவ்வொருவராக மேசைமேல் கையை மடித்துத் தலையைக் கவிழ்த்துக்கொண்டார்கள். யூச்சிங்கும் கவிழ்ந்தாள். கண்ணை மட்டும் மூடவில்லை. விளையாட்டுச் சீருடையின் மேல்சட்டைப் பையில் சுருட்டி வைத்திருந்த கேபிள் விலாவில் குத்தியது. சிவப்பு நிறம், ஒரு முழம்கூட வராது, இரண்டு முனையிலும் சின்னக் கறுப்புத் தலை. காலையில் ஆய்வக இழுப்பறையிலிருந்து யாருக்கும் தெரியாமல் எடுத்தது. பத்தே நிமிட வேலை. எல்லோரும் தூங்கியதும் கணினி மன்ற அறைக்குப் போக வேண்டும், சர்வரை நிறுத்த வேண்டும், பழைய கேபிளைப் பிடுங்கிவிட்டு இதை மாட்ட வேண்டும். அப்புறம் என்ன ஆகியிருந்தாலும் டிஸ்க் பழசு என்று சொல்லிவிடலாம். இல்லை என்று சொல்ல டிஸ்க்குக்கு வாயா இருக்கிறது?

பக்கத்து மேசையிலிருந்து குறட்டை கிளம்பும் வரை காத்திருந்துவிட்டு, மெல்லத் தலையைத் திருப்பி ஜன்னலோர வரிசையைப் பார்த்தாள். போயென்னின் நாற்காலி காலியாக இருந்தது.

இந்த மூன்று வருடத்தில் போயென் மதியத் தூக்கத்தை விட்டு அவள் பார்த்ததில்லை. விடிகாலை ஐந்து மணிக்கு எழுகிறவன் அவன். கடலோரத்தில் கோவ்ஹூ பக்கம் அவனுடைய ஊர். அந்த ஊர் நிலம் வருடா வருடம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்குகிறது. கடல் ஏறுகிற நாளில் மீன் குளங்களுக்கு நடுவே போகிற சாலை தண்ணீருக்கடியில் போய்விடும். அன்றைக்குப் பேருந்து வராது. வராது என்பது தெரியாமல் பிள்ளைகளும் கிழவர்களும் நிறுத்தத்தில் நின்று கால் ஊறிப்போவார்கள். சாலையின் பள்ளத்தில் போயென் ஒரு கம்பத்தை நட்டு, அதில் தண்ணீர் மட்டத்தை உணரும் கருவி ஒன்றைக் கட்டி, ஆறு மணிக்குள் ஊர்க்காரர்கள் எல்லோருடைய போனுக்கும் 'பஸ் உண்டு', 'பஸ் இல்லை' என்று செய்தி போகிற மாதிரி செய்திருந்தான். கருவி சொல்வது சரிதானா என்று பார்க்க, தினம் காலையில் ரப்பர் பூட்ஸ் மாட்டிக்கொண்டு போய்க் கம்பத்தின் அளவுக் கோட்டைப் படம் எடுப்பான். இரண்டு வருடப் படங்கள், அளவுகள், குறிப்புகள். வியாழக்கிழமை மதியத்துக்குள் கல்லூரி விண்ணப்பத்தோடு அவன் ஏற்ற வேண்டிய தொகுப்பு அது ஒன்றுதான். வேறு எதை நம்பியும் அவனுக்குச் சீட்டுக் கிடைக்காது. அவனே சொல்வான்: "என் மார்க்கும் எங்க ஊரு ரோடு மாதிரிதான். பாதி நாள் தண்ணிக்கடியில."

அந்த இரண்டு வருடமும் மன்ற அறையில் இருக்கிற சர்வரின் டிஸ்க்கில் இருந்தது. அங்கே மட்டும்தான் இருந்தது. இருக்க வைத்தவள் யூச்சிங். மன்றத் தலைவி என்ற முறையில் புத்தாண்டு விடுமுறைக்கு முன்னால் அவனிடம் பெரிய மனுஷி மாதிரிப் பேசியது வார்த்தைக்கு வார்த்தை அவளுக்கு ஞாபகம் இருந்தது. "போன்ல வச்சிருந்தேன்னா ஒருநாள் குளத்துல போட்டுட்டு வந்து நிப்ப. சர்வர்ல போடு. நான் பாத்துக்கறேன்." அவன் போட்டான். பழைய போனைத் துடைத்துத் தங்கைக்குக் கொடுத்தான். இரண்டாவது டிஸ்க்கில் தினமும் ஒரு நகல் போய்க்கொண்டிருந்தது. பிப்ரவரியில் அந்த டிஸ்க் நிரம்பியது. பெரியது ஒன்று வரும் வரைக்கும் என்று நகல் எடுப்பதை நிறுத்திவிட்டு, யூச்சிங் அதைத் துடைத்துப் பள்ளியிடம் திருப்பிக் கொடுத்தாள். அப்புறம் தேர்வு வந்தது. அப்புறம் மறந்துபோனது.

போன வெள்ளிக்கிழமைதான் எல்லாம் ஆரம்பித்தது. மன்ற சர்வரின்மேல் எப்போதும் ஒரு பச்சை நிறப் பொரிப் பாக்கெட் இருக்கும், தேங்காய் வாசனை வருமே, அந்த மக்காச்சோளப் பொரி. இந்த மன்றத்தில் மட்டுமல்ல, ஊரில் எந்த சர்வர் அறைக்குப் போனாலும் ஒன்று இருக்கும். அது இருக்கிற வரை மெஷின் அடம் பிடிக்காது. பச்சைதான் வைக்க வேண்டும், மஞ்சள் ஆகாது. பிரிக்கக் கூடாது. தேதி முடிந்திருக்கக் கூடாது. இதையெல்லாம் யாரும் நம்புவதில்லை, யாரும் மீறுவதும் இல்லை. வெள்ளிக்கிழமை மாலை பள்ளி விட்டதும், "தலைவி, பொரிக்கு நாளையோட தேதி முடியுது, லீவு முடிஞ்சு வந்தா மெஷின் நம்மள மதிக்காது, மாத்திட்டுப் போ" என்று புதுப் பாக்கெட்டை அவளிடம் எறிந்துவிட்டு போயென் பேருந்துக்கு ஓடினான். முன்னோர் கல்லறையைச் சுத்தம் செய்கிற திருநாள், அவன் வீட்டோடு போக வேண்டும், மூன்று நாள் விடுமுறை. பழைய பாக்கெட்டைக் காணவில்லை. சூடு தாங்காது என்று மெஷினின் பக்கத் தகட்டை எப்போதோ கழற்றி வைத்திருந்தார்கள். பாக்கெட் மேலிருந்து சரிந்து உள்ளே விழுந்து, ஒயர்களுக்கு நடுவில் செருகிக்கொண்டிருந்தது. மெஷினை நிறுத்திவிட்டு எடுத்திருக்க வேண்டும். ஆனால் அந்நேரத்தில் யார் யாரோ கோப்புகளை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஒரு பொரிப் பாக்கெட்டுக்காக அதை நிறுத்துவதா என்று நினைத்தாள். ஓடுகிற மெஷினை அலமாரியிலிருந்து ஒரு சாண் முன்னால் இழுத்து, கையை விட்டு, பாக்கெட்டின் காதைப் பிடித்து வெடுக்கென்று உருவினாள். எதுவோ தடுத்தது. இன்னும் பலமாக இழுத்தாள், வந்துவிட்டது. புதுப் பாக்கெட்டை மேலே வைத்து, கைகூப்பி, "ஒழுங்கா இரு, மூணு நாளைக்கு வம்பு பண்ணாதே" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனாள்.

அன்று ராத்திரியே சர்வர் எழுத மறுத்தது. வீட்டிலிருந்தபடியே உள்ளே போய்ப் பார்த்தாள். கோப்பு அமைப்பில் பிழை என்று வரிவரியாக ஓடியது. டிஸ்க்கில் எந்தக் கோப்பு எந்த மூலையில் இருக்கிறது, அதன் பெயர் என்ன, அளவு என்ன என்று எழுதி வைத்திருக்கிற ஏடு ஒன்று உண்டு. அந்த ஏடு குழம்பினால் கோப்புகள் இருந்தும் இல்லாத கதைதான். சரிபார்க்கிற நிரலை ஓட்டினாள். அது ஒவ்வொரு பிழைக்கும் நின்று கேட்கும். இந்தப் பகுதியைப் படிக்க முடியவில்லை, பொருட்படுத்தாமல் மேலே போகவா? இதை மறுபடி எழுதிவிடவா? பத்துக் கேள்விக்குப் பொறுமை இருந்தது. நூறைத் தாண்டியதும், எல்லாக் கேள்விக்கும் ஆம் என்று ஒரே எழுத்தில் சொல்லிவிடும் வழி இருக்கிறதே, அதைப் போட்டுவிட்டுப் பல் துலக்கப் போனாள். திரும்பி வந்தபோது 'சுத்தம்' என்று காட்டியது. சனிக்கிழமை பகலில் மறுபடி பிழை வந்தது. மறுபடி ஓட்டினாள், ஆம், ஆம், ஆம். ஞாயிறும் அப்படியே. சரியாகிற மாதிரிக் காட்டும், அரை நாளில் இன்னும் மோசமாக வந்து நிற்கும். திங்கள்கிழமை நாலாவது தடவை ஓட்டும்போது எரிச்சலில் அவளுக்கு அழுகை வந்தது. இப்படிப்பட்ட நேரத்தில் எதையும் தொடுவதற்கு முன்னால் டிஸ்க்கை முழுசாக இன்னொன்றில் நகல் எடுக்க வேண்டும் என்று மன்ற நோட்டில் முதல் பக்கத்தில் எழுதியிருக்கிறது, எழுதியதே அவள்தான். ஆனால் அதற்கு மன்றத்துக்குப் பொறுப்பான ஜான் டீச்சரிடம் வெற்று டிஸ்க் கேட்க வேண்டும். கேட்டால் எதற்கு என்பார். வேண்டாம் என்று விட்டாள். நடுவில் போயென் மலைச்சரிவுக் கல்லறையிலிருந்து ஒரு படம் அனுப்பினான், கையில் பாதி கடித்த கடலைப்பொடி ரோல். சர்வர் எப்படி இருக்கு என்று கேட்டிருந்தான். நல்லா இருக்கு, நீ சாப்புடு என்று பதில் போட்டாள். போட்டுவிட்டு, நாலு தடவை நிரலை ஓட்டிய கட்டளை வரிகளைப் பதிவிலிருந்து ஒவ்வொன்றாக அழித்தாள்.

இன்று காலை மூன்றாம் ஆண்டு மாணவர்களின் ஃபோல்டரைத் திறந்தால் உள்ளே ஒன்றும் இல்லை. ஜான் டீச்சர் கத்தவில்லை, சர்வரை யாரும் தொடக் கூடாது என்று மட்டும் சொன்னார். வகுப்புக் குழுவில் ஒரே ஒரு கேள்வி போட்டார்: வேறு எங்கேயும் நகல் இல்லாதவர்கள் யார்? முதல் பாடவேளை முடிவதற்குள் எல்லோரும் தங்களிடம் இருக்கிறது என்று சொல்லிவிட்டார்கள். போயென் மட்டும் கண்ணில் நீர் வரச் சிரிக்கிற தவளைப் பொம்மைப் படம் ஒன்றை அனுப்பினான்.

நடைவழியில் அவளைப் பிடித்து நிறுத்திக் கேட்டான்.

"டிஸ்க்கோட ஹெல்த் பாத்தியா?"

"பாத்தேன்."

"எப்படி இருக்கு?"

"மோசம்."

பார்த்தது உண்மை. தேசியக்கொடி ஏற்றுவதற்கு முன்னால் பார்த்தாள். டிஸ்க் தன்னைப் பற்றித் தானே வைத்திருக்கிற குறிப்பில், கெட்டுப்போன இடங்கள் என்ற வரிக்கு நேரே பூச்சியம் இருந்தது. இன்னும் கொஞ்சம் கீழே, கேபிள் வழியாகப் போகும்போது சிதைந்த தடவைகள் என்ற வரிக்கு நேரே நாலாயிரத்துச் சொச்சம் இருந்தது. இரண்டு நிமிடம் கழித்துப் பார்த்தபோது அது இன்னும் முப்பது ஏறியிருந்தது. டிஸ்க்குக்கு ஒரு கேடும் இல்லை. வெள்ளிக்கிழமை அந்த வெடுக்கென்ற இழுப்பில் கேபிளின் தலை பாதி கழன்று, தொட்டும் தொடாமலும் நிற்கிறது. அப்படியானால் இந்த நாலு தடவையும் என்ன நடந்தது என்று நினைத்தபோதுதான் அவளுக்கு விளங்கியது. படிக்க முடியவில்லை என்று நிரல் சொன்னதெல்லாம் கேபிளின் கோளாறு. ஏட்டின் பக்கங்கள் நன்றாகத்தான் இருந்தன. அவள் ஆம் என்றாள். நிரல் அந்த நல்ல பக்கங்களின்மேல் வெறுமையை எழுதி வைத்தது. கண்ணாடி உடைந்துபோன வாத்தியார் சரியான விடைகளையெல்லாம் சிவப்பு மையால் அடித்துக்கொண்டே போன மாதிரி. பக்கத்திலிருந்து மையை ஊற்றிக் கொடுத்தவள் அவள்.

யூச்சிங் எழுந்தாள். நாற்காலி கிறீச்சிட்டது. யாரும் தலை தூக்கவில்லை. மன்ற அறைக்கு இரண்டு சாவி. ஒன்று அவளிடம், இன்னொன்று அவனிடம்.

நடைவழியில் ஒழுங்கு அதிகாரி கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வந்துகொண்டிருந்தார். பள்ளி முழுதும் தூங்கும்போது அவர் ஒருத்தர்தான் விழித்திருப்பார். ரப்பர் செருப்பு, சத்தமே வராது.

"எங்க பயணம்?" என்றார் கிசுகிசுப்பாக.

"கழிப்பறைக்கு ஐயா."

"கழிப்பறை அந்தப் பக்கம்."

"அங்க தண்ணி வரல ஐயா."

"மூணாம் வருஷம் ஆயிட்டா எங்க தண்ணி வருதுன்னு எல்லாம் கரெக்டா தெரிஞ்சுடுது." மணியைப் பார்த்தார். "அஞ்சு நிமிஷம்."

படிக்கட்டில் இரண்டிரண்டு படியாக இறங்கினாள். மன்ற அறைக் கதவு ஒருக்களித்திருந்தது. திரை வெளிச்சம் மட்டும். போயென் குட்டை நாற்காலியில் காலைச் சுருட்டி உட்கார்ந்து கீபோர்டைத் தட்டிக்கொண்டிருந்தான். சர்வர் அவனுக்குப் பக்கத்தில் உறுமிக்கொண்டிருந்தது. அதன் தலைமேல் புதுப் பச்சைப் பாக்கெட், உப்பலாக, ஒரு சுருக்கமில்லாமல்.

"வா தலைவி," என்றான் திரும்பாமல். "தூக்கம் வரல?"

"என்ன பண்ற?"

"கும்பிட்டுக்கிட்டிருக்கேன். பாத்தா தெரியல?" விரலால் திரையைக் காட்டினான். "சரிபாக்கற புரோகிராம் ஓட்டப் போறேன். பதிவுல பாத்தேன், வெள்ளிக்கிழமைக்கு அப்புறம் யாருமே எதுவும் தொடல. அதுவே நல்லதாப் போச்சு. முதல் தடவைல வர்றதுதான் உருப்படியா வரும்."

"டீச்சர் தொடாதேன்னாங்க."

"டீச்சர்கிட்டதான் கேட்டுட்டு வரேன். நாளைக்கு டிஸ்க்கைத் தாய்ச்சுங் டவுன்ல, அழிஞ்சதை மீட்கற ஒரு கடைக்கு அனுப்பறாங்களாம். அவன் மூணு வாரம்கறான். வியாழக்கிழமைக்கு அப்புறம் வந்தா அதை வச்சு நான் கம்பத்துக்கு மாலை போடறதா? ஒரு தடவை முயற்சி பண்ணிப் பாருன்னாங்க."

"சூடா இருக்குடா மெஷினு. கொஞ்சம் ஆறட்டும்."

அவன் இப்போது திரும்பிப் பார்த்தான். "என்னமோ கஞ்சி மாதிரிச் சொல்ற. நீதான ஹெல்த் மோசம்னு சொன்ன? ஆற விட்டா செத்துரும்." என்டரைத் தட்டினான்.

நிரல் ஓட ஆரம்பித்தது. அவன் அவளைப் போல இல்லை. எல்லாவற்றுக்கும் ஆம் என்று போட்டுவிடவில்லை. ஒவ்வொரு கேள்வியையும் உதடு அசையப் படித்துவிட்டு, யோசித்து, அப்புறம்தான் விரலை வைத்தான். அந்தப் பொறுமையைப் பார்க்க அவளுக்கு ஆத்திரமாக வந்தது, அவன்மேலா தன்மேலா என்று தெரியவில்லை. முதல் பத்துப் பதினைந்து கேள்விகள் சின்னச் சின்ன எண்ணிக்கைப் பிழைகள். அவளுடைய கை பைக்குள் இருந்த கேபிளை நெரித்துக்கொண்டிருந்தது. இன்னொரு பொய் வேண்டும். ஒழுங்கு அதிகாரி வருகிறார் என்று சொல்லலாம். மின்சாரச் செருகியைக் காலால் தட்டிவிடலாம், தெரியாமல் பட்டுவிட்டது என்று சொல்லலாம். அதுவும் ஓடுகிற டிஸ்க்குக்கு ஆகாது. எதைச் செய்தாலும் அவனுடைய கம்பம்தான் அடிபடும். அவள் தப்பிக்கிற வழி ஒவ்வொன்றும் அவன் தலைமேலாகத்தான் போனது.

திரை நின்றது. இந்தப் பகுதியைப் படிக்க முடியவில்லை. பொருட்படுத்தாமல் மேலே போகவா?

"படிக்க முடியலியாம், நாசமாப் போனது," என்று முனகி ஆம் என்று அடித்தான்.

இதை மறுபடி எழுதிவிடவா?

அவன் விரல் இறங்குவதற்குள் யூச்சிங் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள். இரண்டு கையாலும் பிடித்தாள்.

"ஏய், வலிக்குது. என்னடி?"

"அழுத்தாத. டிஸ்க்குக்கு ஒண்ணும் இல்ல. நான் பொய் சொன்னேன். கேபிள்தான். வெள்ளிக்கிழமை அந்தப் பழைய பொரி உள்ள விழுந்து கிடந்துது, ஓடிக்கிட்டிருக்கும்போதே புடிச்சு இழுத்தேன், கேபிள் கழண்டுருச்சு. அது தெரியாம நாலு தடவை ரிப்பேர் ஓட்டிட்டேன். ஓட்டினதையும் அழிச்சுட்டேன். நீ இப்ப ஆமான்னு போட்டா மிச்சம் இருக்கறதும் போயிரும்."

மூச்சு விடாமல் சொல்லி முடித்தாள். சொன்னதெல்லாம் கிசுகிசுப்பாகவே வந்தது, பள்ளி தூங்குகிறதே. இப்படி ஒரு விஷயத்தைக் கத்திக்கூடச் சொல்ல முடியவில்லை என்பது அந்த நிமிடத்தில் அவளுக்குப் பெரிய அநியாயமாகப் பட்டது.

போயென் மணிக்கட்டை விடுவித்துக்கொண்டான். வேண்டாம் என்ற எழுத்தைத் தட்டி நிரலை நிறுத்தினான்.

"நாலு தடவை."

"ம்."

"எல்லாக் கேள்விக்கும் ஆமான்னு போட்டுட்டுப் போயிட்டியா?"

"ம்."

"நான் எங்க தாத்தா கல்லறையில புல்லு புடுங்கிக்கிட்டு இருந்தேன். உன்கிட்டக் கேட்டேன். நல்லா இருக்கு, நீ சாப்புடுன்ன." அவன் குரல் உயரவில்லை. "நானும் சாப்பிட்டேன்."

அவன் திட்டுவான் என்று அவள் காத்திருந்தாள். திட்டினால் அழலாம். அவன் எழுந்து, சர்வரை முறையாக நிறுத்தினான். விசிறி ஓய்ந்ததும் அறை திடீரென்று பெரிதாகிவிட்ட மாதிரி இருந்தது. குனிந்து உள்ளே பார்த்தான். கேபிளின் தலை டிஸ்க்கிலிருந்து ஒரு பக்கமாகச் சாய்ந்து, அரிசி அகலத்துக்கு இடைவெளி விட்டு நின்றது. அதன் கழுத்தில் மடிந்த வெள்ளைக் கோடு.

"லியாவ் யூச்சிங்," என்றான். வருகைப் பதிவுக்கு டீச்சர் கூப்பிடுகிற மாதிரி முழுப் பெயர். மூன்று வருடத்தில் அவன் அப்படிக் கூப்பிட்டதில்லை. "வேற கேபிள் வேணும்."

அவள் பையிலிருந்து எடுத்து நீட்டினாள். அவன் அந்தச் சிவப்புக் கேபிளைப் பார்த்தான், அப்புறம் அவளைப் பார்த்தான். அது ஏன் அவள் பைக்குள் இருந்தது என்று அவனுக்குப் புரிந்தது தெரிந்தது. இவ்வளவு நேரம் பட்டதைவிட அதுதான் அவளை அதிகம் கூச வைத்தது.

"டீச்சர்கிட்ட போய் வெத்து டிஸ்க் ஒண்ணு கேளு," என்றான். "ஏன்னு கேட்டா சொல்லு."

ஆசிரியர் அறையிலும் விளக்கு இல்லை. ஜான் டீச்சர் மடக்கு நாற்காலியில் சாய்ந்து, கண்மேல் கைக்குட்டை போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார். யூச்சிங் பக்கத்தில் போய் நின்றாள். கடைசியில் அவரே கைக்குட்டையை எடுத்துவிட்டுப் பார்த்தார்.

"யாரு செத்துட்டா?"

சொன்னாள். இரண்டாவது தடவை சொல்லும்போது சுலபமாக இருக்கும் என்று நினைத்திருந்தாள். இல்லை. டீச்சர் நடுவில் ஒன்றும் கேட்கவில்லை. முடிந்ததும் முகத்தை இரண்டு கையாலும் தேய்த்துக்கொண்டார்.

"வெள்ளிக்கிழமை ராத்திரி என் நம்பருக்கு ஒரு போன் போட்டிருந்தா?"

டீச்சர் எழுந்து நாற்காலியை மடக்கிச் சுவரோரம் சாய்த்தார்.

"கேபிள் கழலும். எனக்கும் கழண்டிருக்கு. அதுக்கு நான் உன்னை ஒண்ணும் சொல்ல மாட்டேன்." இழுப்பறையைத் திறந்து ஒரு டிஸ்க்கை எடுத்தார். "இதுல என் பொண்ணோட படமெல்லாம் இருக்கு. அதை இந்த மெஷினுக்கு மாத்திட்டுத் தர்றேன். இருபது நிமிஷம் ஆகும். அங்கயே நில்லு."

அவள் நின்றாள். திரையில் பட்டை நகர்ந்தது. ஒரு சின்னப் பெண் நடன உடையில், சைக்கிளில், பல் விழுந்த வாயோடு. டீச்சர் ஒவ்வொன்றும் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்ததா என்று திறந்து திறந்து பார்த்தார். வேண்டுமென்றே செய்கிறாரோ என்று யூச்சிங்குக்கு ஒரு கணம் தோன்றியது. இல்லை, அவர் எப்போதும் இப்படித்தான். அதுவே இன்னும் கஷ்டமாக இருந்தது. தூக்கம் முடிகிற மணி அடித்தது, மாடி முழுக்க நாற்காலிகள் இழுபட்டன, யாரோ கொட்டாவியோடு பாடினார்கள்.

புதுக் கேபிளில் சர்வர் ஒரு பிழைகூடக் காட்டவில்லை. சிதைந்த தடவைகளின் எண்ணிக்கை அப்படியே நின்றது. அவ்வளவு சுலபமாக நின்றதைப் பார்க்கும்போது அதை ஓங்கி உதைக்க வேண்டும் போல இருந்தது யூச்சிங்குக்கு. பிற்பகல் வகுப்புகளுக்கு டீச்சர் இருவருக்கும் அனுமதி வாங்கிக் கொடுத்தார்; டிஸ்க்கை எழுத்து விடாமல் இன்னொன்றுக்கு நகல் எடுக்க மூன்றரை மணி நேரம் ஆனது. அவ்வளவு நேரமும் போயென் பேசியது நாலு வாக்கியம், நாலும் வேலை சம்பந்தமானவை. ஒரு முதலாம் ஆண்டுப் பெண் எட்டிப் பார்த்து, "அக்கா, சர்வர் பொழச்சுடுச்சா?" என்று கேட்டாள். யூச்சிங் பதில் தேடுவதற்குள், "கதவைச் சாத்திட்டுப் போம்மா, ஏசி போகுது," என்றான் போயென். அறையில் ஏசியே கிடையாது.

ஐந்தே காலுக்கு அவனுடைய ஊர்ப் பேருந்து போனது. அவன் எழவில்லை. நகலின்மேல் நிரலை ஓட்டினார்கள். இந்தத் தடவை அவன் கேள்விகளை வாய்விட்டுப் படித்தான், அவள் நோட்டில் எழுதினாள், இருவரும் ஒத்துக்கொண்ட பிறகுதான் விரல் இறங்கியது. ஆறரைக்கு முடிந்தது. மூன்றாம் ஆண்டு ஃபோல்டர் வரவில்லை. அதற்குப் பதிலாக, காணாமல் போய்க் கிடைத்தவற்றைக் கொட்டி வைக்கிற ஃபோல்டர் ஒன்று நிரம்பியிருந்தது. உள்ளே ஒன்பதாயிரத்து இருநூற்றுச் சொச்சம் கோப்புகள். ஒன்றுக்கும் பெயர் இல்லை, தேதி இல்லை, யாருடையது என்று இல்லை. வெறும் எண்கள்.

"இதுல எதெல்லாம் உன்னுதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?" என்றாள்.

"தொறந்துதான்."

முதல் எண்ணைத் திறந்தான். யாருடைய கட்டுரையோ, நடுவில் ஆரம்பித்தது. இரண்டாவது திறக்கவே இல்லை. மூன்றாவது ஒரு பாட்டு. இருபது, முப்பது. அவள் பக்கத்துக் கணினியில் உட்கார்ந்து கடைசி எண்ணிலிருந்து பின்னோக்கித் திறந்துகொண்டு வந்தாள். யாரும் அவளை உட்காரச் சொல்லவில்லை, எழுந்து போ என்றும் சொல்லவில்லை. வெளியே மைதானத்து விளக்கு எரிந்தது. வியாழன் மதியத்துக்கு இன்னும் எத்தனை மணி நேரம் என்று இரண்டு பேரும் தனித்தனியாக மனசுக்குள் கணக்குப் போட்டார்கள்.

நூற்றுப் பதினொன்றாவதில் அவனுடைய கீபோர்டுச் சத்தம் நின்றது. யூச்சிங் திரும்பிப் பார்த்தாள். அவன் திரையில் விடிகாலை வானம், தூரத்தில் மீன் குளத்து விளக்குகளின் வரிசை, கம்பத்தின் நுனி. மேல் பாதி அவ்வளவு தெளிவாக இருந்தது, கம்பத்தில் உட்கார்ந்திருந்த கொக்கின் அலகுகூடத் தெரிந்தது. கீழ்ப் பாதி இல்லை. அளவுக் கோடு இருக்க வேண்டிய இடம், பூட்ஸ் கால்கள், சாலை எல்லாவற்றையும் மூடிக்கொண்டு ஒரே சாம்பல் நிறம், ஒரு சுளிவு இல்லாமல், ஓரத்திலிருந்து ஓரம் வரை. அன்றைக்குத் தண்ணீர் எவ்வளவு ஏறியது என்று தெரியவில்லை. போயென் திரைக்கு அருகே குனிந்து, அந்தச் சாம்பல் தொடங்குகிற கோட்டில் விரலை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.